டோன்ஆர்மில் புது வயர்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

டர்ன்டேபிளின் டோன்ஆர்மில் (ஊசியைத் தாங்கும் கை) வயர் மாற்றுவது பற்றிப் பேச்சு வந்தாலே செம்பா வெள்ளியா, எந்தக் கம்பெனி என்றுதான் ஆரம்பிக்கும். மாற்றிய பிறகு வருகிற தொந்தரவுகளுக்கும் அந்தக் கேள்விக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. எனாமல் (காப்புப் பூச்சு) போகாத முனை, தப்பாகப் போன எர்த், ஆர்மைப் பிடித்து இழுக்கும் விறைப்பான வயர் என்று பெரும்பாலான கோளாறுகள் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்திருப்பது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் செய்துவிட்டுப் போங்கள்.

எதற்கும் முன்னால் மீட்டர்

ஆர்மின் முனையில் ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜைக் கழற்றுங்கள். ஆர்.சி.ஏ. பிளக்குகளை ஆம்பிளிஃபயரிலிருந்து உருவிவிடுங்கள். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வையுங்கள். கார்ட்ரிட்ஜில் மாட்டுகிற கிளிப்புகளில் வெள்ளை இடது சிக்னல், நீலம் இடது ரிட்டர்ன், சிவப்பு வலது சிக்னல், பச்சை வலது ரிட்டர்ன். வெள்ளைக் கிளிப்புக்கும் இடது பிளக்கின் நடு ஊசிக்கும் பீப் வர வேண்டும். நீலத்துக்கு அதே பிளக்கின் வெளி வளையம். சிவப்பு, பச்சைக்கு வலது பிளக்கில் அதேபோல. ஐந்தாவதாக, ஆர்ம் குழாயின் உலோகத்துக்கும் எர்த் வயரின் முனைக்கும். குழாயில் பெயின்ட் பூச்சு இருந்தால் மீட்டர் அதன் மேல் வேலை செய்யாது. ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் முனைப் பகுதி) திருகு மாதிரி பளிச்சென்ற உலோகத்தைத் தொடுங்கள்.

ஐந்து பீப்பும் வந்துவிட்டால் பாதி முடிந்தது. வரக்கூடாத இடத்தில் வருகிறதா என்பது அடுத்த பாதி. இந்த ஐந்தையும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் பத்து ஜோடி; பத்துக்கும் மீட்டர் வாய் திறக்கக்கூடாது. ரீகா கம்பெனியின் பழைய ஆர்ம் ஒரு விதிவிலக்கு, அதை இரைச்சல் பகுதியில் சொல்கிறேன்.

பீப்போடு நிறுத்திக்கொள்ளாமல் ஓம் ரேஞ்சிலும் ஒருமுறை பாருங்கள். ஆர்முக்குப் போடுகிற 0.127 மி.மீ. செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டர் நீளத்தில் சுமார் 1.36 ஓம் தடை. ஆர்முக்குள் ஓடுகிற 30 செ.மீ. துண்டுக்கு 0.4 ஓம் வரும். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வருகிற எண்ணைக் கழித்துவிட்டுப் பாருங்கள். நாலு வயரும் ஏறக்குறைய ஒரே எண் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் 2 ஓம், 3 ஓம் என்று தனித்து நின்றால், அந்த இணைப்பில் ஒன்றிரண்டு இழைகள் மட்டுமே ஈயத்தைப் பிடித்திருக்கின்றன என்று அர்த்தம். இன்றைக்குப் பாடும். கொஞ்ச நாளில் படுத்துவிடும்.

கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும்போது ஏன் மீட்டர் வைக்கக்கூடாது? மூவிங் காயில் வகைக் கார்ட்ரிட்ஜின் (ஊசியோடு சுருள் அசைவது) சுருள் மெல்லியது, மீட்டர் அனுப்புகிற மின்னோட்டம் அதற்குத் தேவையில்லாத வேலை. அதோடு விடையும் குழப்பும். டெனான் டி.எல்.103-ன் சுருள் 40 ஓம்தான் என்பதால், பல மீட்டர்கள் அதன் வழியாகவே பீப் அடித்துவிடும். வெள்ளைக்கும் நீலத்துக்கும் ஷார்ட் என்று நினைத்துப் புது வயரைப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஈயம் ஒட்ட மாட்டேன் என்கிறது

ஈயம் உருண்டையாகத் திரண்டு வயரை விட்டு நழுவுகிறதா? அயர்னின் சூட்டைக் குறை சொல்வதற்கு முன் வயரின் மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டோன்ஆர்முக்கென்றே விற்கிற வயர்களில் பல லிட்ஸ் வகை. அதாவது பல மெல்லிய இழைகள், ஒவ்வொரு இழைக்கும் தனி எனாமல், சிலவற்றில் மேலே பட்டு நூல் சுற்று வேறு. எனாமல் என்பது மின்சாரத்தைத் தடுக்கிற பூச்சு, ஈயத்தையும் தடுக்கும். செம்பு நிறமாகவே இருப்பதால் பார்வைக்கு வெறும் கம்பிபோலத் தெரியும்.

பாலியூரித்தேன் எனாமல் என்றால் கவலை இல்லை, சூட்டிலேயே போய்விடும். அயர்னை 380 முதல் 400 டிகிரி செல்சியஸில் வையுங்கள். முனை ஊசிபோல் கூராக இருக்க வேண்டாம். கூர்முனையில் சூடு தங்காது. ஒரு மி.மீ. அகலத்து உளி முனைதான் இதற்குச் சரி. முனையில் புது ஈயத்தைக் கொஞ்சம் தாராளமாக உருக்கி ஒரு சொட்டாக நிற்க வையுங்கள். ட்வீசரில் பிடித்த வயரின் நுனியில் 2 மி.மீ. அந்தச் சொட்டுக்குள் போக வேண்டும். முதல் நொடியில் ஒன்றும் நடக்காது. அடுத்து லேசாகப் புகை எழும், சொட்டின் மேல் பழுப்பாக ஒரு ஆடை படரும், நுனியிலிருந்து வெள்ளி நிறம் மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ஏறியதும் வெளியே இழுத்துவிடுங்கள். கருகிய எனாமல் சொட்டிலேயே தங்கும். அந்த ஈயத்தைத் துடைத்து எறிந்துவிட்டு அடுத்த வயருக்குப் புது ஈயம். அந்தப் புகையை மூச்சில் இழுக்காதீர்கள், எரிந்த பாலியூரித்தேன் நெஞ்சுக்குக் கெடுதல். சன்னலைத் திறந்து வைத்து, ஒரு சின்ன ஃபேன் புகையைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி உட்காருங்கள்.

இரண்டு மூன்று நொடிக்கு மேல் சொட்டுக்குள் வைத்திருந்தால் வேறு ஆபத்து இருக்கிறது. உருகிய ஈயத்தில் செம்பு மெதுவாகக் கரையும். சாதாரண வயருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நூறில் ஐந்து மி.மீ. தடிமனுள்ள இழைக்கு அது பெரிய விஷயம், நுனியே காணாமல் போகும். வெள்ளி இன்னும் வேகமாகக் கரையும். வெள்ளி வயரோ வெள்ளி பூசிய வயரோ என்றால் 2 சதவீதம் வெள்ளி கலந்த ஈயம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வைண்டிங் கடையில் வாங்கிய எனாமல் வயர் என்றால் கதை வேறு. மோட்டாருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் போடுகிற வயரில் பெரும்பாலும் அதிகச் சூட்டைத் தாங்கும் எனாமல் இருக்கும். அது நம் அயர்னுக்கு மசியாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும்: மிக நைசான உப்புத்தாளை இரண்டாக மடித்து, நடுவில் நுனியை வைத்து, அழுத்தாமல் இழுங்கள். பிளேடு வேண்டாம். பிளேடால் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடம் பிறகு எப்போதாவது ஒடியும், ஒடிவது ஆர்ம் அசையும்போதுதான் தெரியும். ஆஸ்பிரின் மாத்திரை மேல் வயரை வைத்து அயர்னால் அழுத்தினால் எனாமல் போகும் என்று ஒரு பழைய வித்தை உண்டு. போகும். ஆனால் அந்தப் புகை மூக்கையும் கண்ணையும் எரித்துவிடும், அமில மிச்சமும் கம்பியிலேயே நிற்கும். விட்டுவிடுங்கள்.

பழைய இயர்போன் வயரை உரித்துப் போடலாமே என்று தோன்றும். வளைவில் அருமையான வயர்தான். ஆனால் பலவற்றில் செம்பு இழைகளுக்கு நடுவே நைலான் நூல் ஓடும். சூடு பட்டதும் அது உருகி ஈயத்தோடு கலந்து, பார்வைக்கு ஒட்டியதுபோல் இருந்து, தொட்டால் உதிரும்.

ஃப்ளக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ரோசின் மட்டும் பயன்படுத்துங்கள். சின்ன டப்பாவில் வரும் சால்டரிங் பேஸ்ட் சிலவற்றில் துத்தநாகக் குளோரைடு இருக்கிறது. தகரத்துக்கும் தடித்த வயருக்கும் அது பரவாயில்லை, இந்த அளவு வயரை அது சாப்பிட்டே விடும். சில மாதத்தில் இணைப்பு பச்சை பூத்துப் போகும். ஈயம் 63/37 வகையாக (வெள்ளீயம் 63, காரீயம் 37) இருந்தால் நல்லது. 183 டிகிரியில் உருகி, அதே டிகிரியில் சட்டென்று உறையும். கை கொஞ்சம் நடுங்கினாலும் டிரை சால்டர் (சரியாகப் பிடிக்காத இணைப்பு) ஆகாது. காரீயம் கலக்காத சால்டருக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். ஏற்கெனவே பாடாக இருக்கிற வேலைக்கு அது எதற்கு?

கிளிப்பில் ஈயம் நிரம்பிவிட்டது

கார்ட்ரிட்ஜின் பின்பக்க இணைப்பு ஊசியில் மாட்டுகிற கிளிப்பின் வால் பகுதியில் ஈயம் வைக்கும்போது, அது உள்ளே உறிஞ்சப்பட்டுக் கிளிப் அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஊசி நுழையாது. நுழைய வைக்க அழுத்தினால் கார்ட்ரிட்ஜின் ஊசிதான் உள்ளே போகும். கிளிப்புக்குள் ஒரு மரப் பல்குச்சியைச் செருகிவிட்டு வேலை செய்யுங்கள்: ஈயம் மரத்தில் ஒட்டாது, கிளிப்பும் நசுங்காது, பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் ஆயிற்று. கிளிப்பின் வாலில் தனியாக ஈயம் பூசி, வயரின் நுனியில் தனியாகப் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்து அயர்னை ஒரு நொடி தொட்டால் போதும். இந்தக் கட்டத்தில் 320 டிகிரியே தாராளம். நிற டியூபை வயரில் முன்கூட்டியே கோத்துவிட்டீர்களா என்று அதற்கு முன் பாருங்கள்.

கிளிப் கார்ட்ரிட்ஜில் மாட்டியிருக்கும்போது அயர்னைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். சூடு ஊசி வழியாக நேரே சுருளின் முனைக்குப் போகும். அங்கே இருப்பது இதைவிட மெல்லிய கம்பி.

வயர் குழாய்க்குள் போகவில்லை

பழைய வயரை உருவுவதற்கு முன் அதன் ஒரு முனையில் வழவழப்பான நைலான் நூலைக் கட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வராது. உருவியாகிவிட்டது என்றால்: நேரான குழாயில் மெல்லிய கிடார் கம்பி போகும். எஸ் வடிவக் குழாயில் போகாது. அங்கே தையல் நூலை ஒரு முனையில் தளர்வாக விட்டு, மறுமுனையில் வாக்குவம் கிளீனரை வைத்தால் நூல் வந்துவிடும். ஐந்து வயரின் நுனிகளையும் ஒரே இடத்தில் கட்டாமல் படிப்படியாகத் தள்ளித் தள்ளிக் கட்டுங்கள், முடிச்சு பெருக்காது. இழுக்கும்போது சிக்கினால் திரும்ப வெளியே எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். குழாயின் உள் விளிம்பில் உரசி எனாமல் போய்விட்டால் பத்து ஜோடிச் சோதனையில் அது மாட்டும்.

ஒரு பக்கம் ஒலியே இல்லை

இதில் இரண்டு வகை, காதாலேயே பிரித்துவிடலாம். வால்யூமைக் கொஞ்சம் ஏற்றி, ஊசியைத் தட்டில் வைக்காமல் கேளுங்கள். செத்த பக்கம் சுத்த மௌனமாக இருந்தால் அங்கே ஷார்ட்: சிக்னலும் ரிட்டர்னும் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கின்றன. செத்த பக்கத்தில் இரைச்சல் இருந்தால் வயர் விட்டுப்போயிருக்கிறது. ஆம்பிளிஃபயரில் டர்ன்டேபிளுக்கான போனோ உள்ளீடு எதோடும் சேராமல் திறந்து கிடந்தால் சுற்றியிருக்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும். இரைச்சல் லேசாக இருந்தால் சிக்னல் வயரைப் பாருங்கள். காது கிழிகிற மாதிரி இருந்தால் ரிட்டர்ன், அதாவது நீலமோ பச்சையோ.

ஷார்ட் இருக்கும் இடங்கள் வழக்கமாக இரண்டுதான். ஒன்று ஆர்.சி.ஏ. பிளக்குக்குள், நடு ஊசியில் வைத்த ஈயத்திலிருந்து ஒரு இழை பிரிந்து வெளி வளையத்தைத் தொடும், மூடியைத் திருகிய பிறகுதான் தொடும் என்பதால் திறந்து பார்க்கையில் எல்லாம் சரியாக இருக்கும். இன்னொன்று ஹெட்ஷெல்லின் பின்பக்கம். பக்கத்துப் பக்கத்துக் கிளிப்புகள் டியூப் இல்லாமல் உரசும்.

விட்டுப்போனது என்றால், வயரைக் குறை சொல்வதற்கு முன் ஒரு நிமிடம். கழற்றி மாட்டுகிற ஹெட்ஷெல் உள்ள ஆர்ம்களில், 1979-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 எம்.கே.2 உட்பட, ஹெட்ஷெல்லின் நாலு தொடுமுனைகளும் ஆர்மின் ஸ்பிரிங் ஊசிகளும்தான் முதல் சந்தேகத்துக்குரியவை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துவிட்டு, கழுத்து வளையத்தைச் சரியாக இறுக்கிப் பாருங்கள். ஆர்மைப் பிரித்துப் புது வயர் போடப்பட்ட பல கேஸ்களில் இந்த ஒரு துடைப்பே போதுமாக இருந்திருக்கும்.

ம்ம்ம் என்று இரைச்சல்

இதற்குத்தான் அதிகம் பேர் தவிக்கிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஆர்ம் குழாயை விரலால் தொடுங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் ஆர்முக்கு எர்த் இல்லை. புது வயர் போடும்போது ஐந்தாவது வயரை விட்டிருப்பீர்கள், அல்லது பெயின்டின் மேல் திருகியிருப்பீர்கள். பூச்சைச் சுரண்டி உலோகத்தில் இணையுங்கள்.

தொட்டாலும் மாற்றமில்லை, எர்த் வயரை ஆம்பிளிஃபயரிலிருந்து கழற்றினால் குறைகிறது என்றால் எர்த் இரண்டு வழியாகப் போகிறது. இங்கேதான் ரீகா. 1983-ல் வந்த ஆர்.பி.300-உம் அதன் எளிய பதிப்பான ஆர்.பி.250-உம் வயர் மாற்றுகிறவர்களின் செல்லப் பிள்ளைகள். இவற்றில் தனி எர்த் வயர் கிடையாது. ஆர்ம் உடம்பை இடது சேனலின் ரிட்டர்னோடு உள்ளேயே சேர்த்திருப்பார்கள். அந்த அமைப்பில் நீலத்துக்கும் குழாய்க்கும் பீப் வருவது சரியே. ஆனால் நீங்கள் புதிதாக ஐந்தாவது வயரும் கொடுத்துவிட்டு, இந்தப் பழைய சேர்ப்பையும் விட்டு வைத்தால் சுற்று உருவாகிவிடும். பழைய சேர்ப்பை எடுத்துவிட்டு ஐந்தாவதைக் கொடுக்காமல் விட்டால் ஆர்ம் அந்தரத்தில் நிற்கும், விரல் பட்டால் இரைச்சல் அடங்கும். இரண்டில் ஒன்று மட்டும் இருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது தனி எர்த். பின்னால் கோளாறு வந்தால் தேடுவது சுலபம்.

கார்ட்ரிட்ஜிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சில மூவிங் மேக்னெட் (ஊசியோடு காந்தம் அசைவது) கார்ட்ரிட்ஜ்களில் உலோகக் கூட்டிலிருந்து ஒரு சின்னத் தகடு வலது ரிட்டர்ன் ஊசியைத் தொட்டுக்கொண்டிருக்கும், கூட்டை எர்த் செய்வதற்காக. உலோக ஹெட்ஷெல்லில் மாட்டினால் கூடு, ஹெட்ஷெல், ஆர்ம், எர்த் வயர் என்று அங்கே இன்னொரு சுற்று. அதேபோல் சிவப்பையும் பச்சையையும் மாற்றிப் போட்டிருந்தால், கூடு முழுக்கச் சிக்னலாகி அலறும்.

ஆர்ம் நகர நகர இரைச்சல் மாறுகிறதா? தட்டின் நடுவை நோக்கிப் போகையில் சீராக ஏறினால் அது வயரே இல்லை. மோட்டாரின் காந்தப்புலத்தைக் கவசமில்லாத கார்ட்ரிட்ஜ் வாங்குகிறது. வந்து வந்து போனால், டப் டப்பென்று சத்தத்தோடு வந்தால், எர்த் பேரிங் உருளைகள் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. பேரிங் நல்ல கடத்தி இல்லை. குழாயிலேயே எர்த் வயரை இணைத்து மற்ற நாலோடு சேர்த்து வெளியே எடுங்கள்.

ஒலி மெலிந்து, பேஸ் காணாமல் போயிற்று

ஒரு பக்கம் மட்டும் சிக்னலும் ரிட்டர்னும் இடம் மாறியிருக்கின்றன. பாடகர் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவியிருக்கும், எங்கிருந்து வருகிறது என்று கை காட்ட முடியாது. உறுதி செய்ய ஒரு மோனோ தட்டைப் போடுங்கள். மோனோவில் வந்த பழைய படப்பாட்டு இ.பி. எது வேண்டுமானாலும் ஆகும். ஆம்பிளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். பாட்டே கிட்டத்தட்ட மறைந்து, தூசி உரசுகிற சத்தம் மட்டும் மிஞ்சினால் சந்தேகமே வேண்டாம். பொத்தான் இல்லையென்றால், ஆம்பிளிஃபயரை அணைத்துவிட்டு ஒரு ஸ்பீக்கரின் இரண்டு வயரை மட்டும் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். பேஸ் திரும்பி வந்தால் ஆர்மில்தான் தப்பு.

திருத்த ஆர்மைப் பிரிக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கம் தப்பு என்று மீட்டரில் கண்டுபிடித்து அந்த ஜோடிக் கிளிப்பை மாற்றிச் செருகலாம். ஆனால் ரிட்டர்னோடு ஆர்ம் எர்த் சேர்ந்திருக்கிற அமைப்பில் பிளக் பக்கம்தான் திருத்த வேண்டும். இடமும் வலமும் மட்டும் மாறியிருந்தால் பிளக்கை மாற்றிச் செருகிவிட்டு வேலையைப் பாருங்கள்.

ஊசி தாண்டுகிறது, ஆர்ம் தானாகத் திரும்புகிறது

வயர் மாற்றுவதற்கு முன் ஒழுங்காகப் பாடிய தட்டு இப்போது தாண்டுகிறது. அல்லது ஒரு பக்கம் மட்டும் உரத்த இடங்களில் பிசிறுகிறது. ஆன்டிஸ்கேட்டை (ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதைச் சமன் செய்யும் அமைப்பு) திருகித் திருகிப் பார்த்தும் தீரவில்லை.

ஆன்டிஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வையுங்கள். எதிர் எடையைத் திருகி ஆர்ம் காற்றில் மிதக்கும்படி சமன் செய்யுங்கள். டர்ன்டேபிள் மட்டமாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, ஆர்மைத் தட்டின் வெளி ஓரத்துக்கு மேல் கொண்டுவந்து விடுங்கள். பிறகு நடுவில், பிறகு லேபிள் பக்கத்தில். விட்ட இடத்தில் நிற்க வேண்டும். ஓரத்திலிருந்து உள்ளேயும் லேபிளிலிருந்து வெளியேயும் நகர்ந்து ஏதோ ஒரு இடத்தில் போய் நின்றால், வயர் ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. மேலும் கீழும் அதே சோதனை: மெல்ல அழுத்திவிட்டால் பழைய உயரத்துக்கே துள்ளி வருகிறதா?

எவ்வளவு நுண்ணிய விஷயம் இது என்பதற்கு ஒரு கணக்கு. எஸ்.எல்.1200 எம்.கே.2-வுக்கு டெக்னிக்ஸ் கொடுத்த பேரிங் உராய்வு 7 மில்லிகிராமுக்குள். ஊசியின் அழுத்தம் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு கிராம். ஆன்டிஸ்கேட் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதாவது 150 முதல் 200 மில்லிகிராம். விறைப்பான வயர் 100 மில்லிகிராம் இழுத்தாலே ஆன்டிஸ்கேட்டின் பாதியைச் சாப்பிட்டுவிடும், அதுவும் தட்டின் ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு அளவில். பேரிங்கின் நேர்த்தி முழுக்க வீண்.

வயர் தேர்வு உண்மையில் இங்கேதான் முடிவாகிறது. ஒற்றைக் கம்பியின் விறைப்பு அதன் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். தடிமன் இரண்டு மடங்கு ஆனால் விறைப்பு பதினாறு மடங்கு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் மலிவாகக் கிடைக்கிற 30 ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்க வயர் அளவு, எண் கூடினால் கம்பி மெலியும்) வயர்-ராப் வயரைப் பலர் வாங்குகிறார்கள். அதன் கம்பி 0.255 மி.மீ. ஒற்றைக் கம்பி, மேலே கெட்டியான உறை வேறு. 36 ஏ.டபிள்யூ.ஜி. 0.127 மி.மீ. உறையை விட்டுவிட்டாலும் பதினாறு மடங்கு வித்தியாசம். அதே அளவு செம்பைப் பல இழைகளாகப் பிரித்தால் விறைப்பு இழை எண்ணிக்கையால் வகுபடும். லிட்ஸ் ஆர்முக்கு வந்ததற்கு முக்கியக் காரணம் இந்த வளைவுதான். 33 முதல் 38 ஏ.டபிள்யூ.ஜி. வரை, பல இழை, மெல்லிய உறை. இது போதும். பி.வி.சி. உறை வேண்டாம்.

வைண்டிங் கடையில் கேட்கும்போது ஜாக்கிரதை. அங்கே 36 என்றால் எஸ்.டபிள்யூ.ஜி. (பிரிட்டிஷ் வயர் அளவு) கணக்கில் 0.193 மி.மீ. எடுத்துக் கொடுப்பார்கள். நமக்கு வேண்டிய 0.127-க்குப் பக்கத்தில் வருவது அவர்கள் கணக்கில் 40, அது 0.122 மி.மீ. எண்ணைச் சொல்லாமல் மில்லிமீட்டரைச் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவு மெல்லிய வயரில் தடை கூடிவிடாதா? போக வர 60 செ.மீ.க்கு 0.8 ஓம். எதிரே நிற்பது 485 ஓம் சுருளும் (ஆடியோ டெக்னிகா வி.எம்.95.இ. கார்ட்ரிட்ஜ்) 47 கிலோ ஓம் உள்ளீடும். செம்பைவிட வெள்ளி ஆறு சதவீதம்போல நன்றாகக் கடத்தும். அந்த 0.8-ல் ஆறு சதவீதத்துக்குக் காசு கொடுப்பது அவரவர் விருப்பம். நான் செம்பிலேயே நிற்கிறேன்.

வயர் சரியானதுதான், ஆனாலும் இழுக்கிறது என்றால் வளையத்தைப் பாருங்கள். குழாயிலிருந்து வயர் வெளியே வருகிற இடம் ஆர்ம் திரும்பும் அச்சுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. அங்கே ஒரு தளர்ந்த வளையம் விட்டு, அதற்கு அப்பால் வயரை அடித்தளத்தோடு பிடித்து நிறுத்துங்கள். வெளிக் கேபிளை யாராவது இழுத்தாலும் வளையம் அசையக்கூடாது. ஜோடிகளை முறுக்கியிருந்தால் (வெள்ளை நீலம், சிவப்பு பச்சை) வளையப் பகுதியில் மட்டும் முறுக்கைத் தளர்த்திவிடுங்கள். செ.மீ.க்கு ஒரு முறுக்கு போதும். ஐந்தையும் டியூப் போட்டு இறுக்கி ஒரே கயிறாக்கினால் லிட்ஸ் வாங்கியதே வீண். ஒற்றை முனையில் நிற்கும் யூனிபிவட் ஆர்ம் என்றால் இதெல்லாம் இரட்டிப்பாகப் பொருந்தும். வயர் அதைச் சாய்த்தே விடும்.

தட்டின் உள்பக்கம் போகையில் கரகரக்கிறது

ஆர்ம் குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் சத்தம் விட்டுவிட்டு வருகிறதென்றால், அந்தக் கோணத்தில் வளைகிற இடத்தில் வயர் ஒடிந்திருக்கிறது. பிளேடு பட்ட இடமோ ஈயம் ஏறிக் கெட்டியான இடமோதான் ஒடியும். லிட்ஸில் ஈயம் உறைக்குள் உறிஞ்சி ஏறும். ஈயம் முடிகிற விளிம்பு கம்பிபோல விறைத்து நிற்க, அதற்கடுத்த புள்ளியில்தான் எல்லா வளைவும் விழும். கார்ட்ரிட்ஜைக் கழற்றி, பிளக்கில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு ஆர்மை மெல்ல நகர்த்துங்கள். எண் துள்ளுகிற இடம் தெரியும். அசைகிற பகுதியில் இணைப்பே இருக்கக்கூடாது. நடுவில் ஒட்டுப்போட்டுச் சமாளிக்காமல் அந்த வயரை முழுசாக மாற்றுங்கள்.

பாட்டுக்கு நடுவே ரேடியோ

கிளிப்பிலிருந்து பிளக் வரை ஒரே மெல்லிய வயரை நேராக ஓடவிட்டால் இணைப்புகள் குறையும், உண்மைதான். ஆனால் ஆர்ம் குழாய்க்கு வெளியே அதற்குக் கவசம் இல்லை. பக்கத்து ஒலிபரப்பு கோபுரமோ செல்போனின் டிக்டிக்கோ உள்ளே வந்துவிடும். ஆர்முக்கு வெளியே இருக்கிற பகுதிக்குக் கவசக் கேபிள் போடுங்கள், அல்லது பின்னல் கவசத்துக்குள் நுழைத்து அதன் ஒரு முனையை மட்டும் எர்த்தில் சேருங்கள். ஒரே பக்கம்தான் கேட்கிறதென்றால் அந்தப் பக்கத்து இணைப்புகளில் டிரை சால்டர் தேடுங்கள். துருவோ எனாமல் மிச்சமோ இருக்கிற இணைப்பு டையோடுபோல வேலை செய்து ரேடியோவைப் பிரித்துக் கொடுக்கும்.

'ச', 'ஸ' எல்லாம் கூர்மையாகிவிட்டது

மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் என்றால் இது வயரின் உலோகத்தால் வருவதில்லை, கேபிளின் கெபாசிட்டன்ஸால் (மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மை) வருகிறது. ஆர்ம் வயரோடு வெளிக் கேபிளையும் மாற்றியிருப்பீர்கள், நீளமும் கொஞ்சம் கூடியிருக்கும். வி.எம்.95.இ.-யின் சுருள் 550 மில்லிஹென்ரி. மொத்தக் கெபாசிட்டன்ஸ் 200 பிக்கோஃபாரட் என்றால் இரண்டும் சேர்ந்து ஒத்திசைவது 15 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில். 400 ஆனால் அது 10.7-க்கு இறங்கிவிடும்: அங்கே ஒரு மேடு எழும்பி, அதற்கு மேல் சரிந்துவிடும். அந்தக் கார்ட்ரிட்ஜுக்குச் சொல்லப்பட்டிருக்கும் அளவு 100 முதல் 200. ஆர்டோஃபோன் 2எம் ரெட் கொஞ்சம் தாராளம், 150 முதல் 300.

கார்ட்ரிட்ஜைக் கழற்றி, பிளக்கையும் உருவிவிட்டு, பிக்கோஃபாரட் அளக்கும் மீட்டரை ஒரு பிளக்கின் நடுவுக்கும் வளையத்துக்கும் வையுங்கள். வருகிற எண்ணோடு போனோ ஸ்டேஜின் (டர்ன்டேபிள் சிக்னலைப் பெருக்கும் பகுதி) உள்ளீட்டுக் கெபாசிட்டன்ஸைக் கூட்டுங்கள். அது அதன் கையேட்டில் இருக்கும். மொத்தம் மிஞ்சினால் முதலில் கேபிளைக் குட்டையாக்குங்கள். போனோ ஸ்டேஜில் கெபாசிட்டன்ஸ் சுவிட்ச் இருந்தால் அதைக் குறைத்துப் பாருங்கள். மூவிங் காயிலின் சுருளில் இண்டக்டன்ஸ் மிகக் குறைவு என்பதால் இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. அதில் ஒலி கூர்மையானால் ஊசியின் அழுத்தத்தையும், கழற்றி மாட்டியதில் மாறிப்போன கார்ட்ரிட்ஜின் கோணத்தையும் பாருங்கள்.